கல் என்று சொல்லச் சொன்னாள்

பக்கத்து வீட்டுப் பெரியவர் அடித்துச் சொன்னார்: கல் தொட்டியில் மலைச்செடி வளர்ப்பதும் சரி, கல் கிடைக்காதபோது சிமென்டைப் பிசைந்து கல் செய்வதும் சரி, இரண்டுமே எங்கள் ஊர்க்காரர் கிளாரன்ஸ் எலியட் கண்டுபிடித்தது. ஊர் என்றால் ஸ்டீவனேஜ், லண்டனுக்கு வடக்கே. எதற்கெடுத்தாலும் ‘எங்க ஊர்லதான் முதல்ல’ என்கிற பேச்சைத் தஞ்சாவூர்ப் பக்கம் வேண்டிய மட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். அதனாலேயே இதை நம்ப மனம் வரவில்லை.

தேடிப் பார்த்ததில் முதல் பாதி பெரும்பாலும் தேறியது. எலியட் 1907-இல் இங்கே சிக்ஸ் ஹில்ஸ் நர்சரியைத் தொடங்கினார். பெயரில் வரும் அந்த ஆறு குன்றுகள் ரோமானியர் காலத்து ஈமமேடுகள். இன்றும் சாலையோரம் புல் போர்த்தி வரிசையாக இருக்கின்றன. பண்ணைகளில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி, சமையலறையில் பாத்திரம் கழுவிய கல் சிங்க் ஆகியவற்றில் ஆல்ப்ஸ் செடிகளை நட்டுச் செல்சி மலர்க் கண்காட்சியில் அவர் வைக்க, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அது பித்தாகவே பரவியது. அவரிடம் இருந்தவை அசல் கல்.

போலிக் கல்லுக்கு மூதாதை வேறு. இதே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில், பிராக்ஸ்போர்னில், ஜேம்ஸ் புல்ஹாம் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடைந்த செங்கல்லைக் குவித்து, மேலே சிமென்ட் பூசி, பாறை மாதிரி கீறி விற்றுக்கொண்டிருந்தது. லண்டன் பேட்டர்சி பூங்காவின் ‘பாறைகள்’ அவர்கள் கைவேலைதான். இதைச் சொன்னதும் பெரியவர் முகம் சுருங்கியது. “அது பணக்காரங்க விவகாரம்” என்று ஒதுக்கிவிட்டார்.

அவர் வீட்டு வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு தொட்டி. ஓரமெல்லாம் பாசி, உள்ளே செம்பர்விவம் என்ற மலைச்செடி. காட்ஸ்வோல்ட் பகுதிச் சுண்ணாம்புக் கல் என்றார். என் கண்ணுக்கு அதன் மூலைகள் மழுங்கியிருந்த விதம் சரியாகப் படவில்லை. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்த மழுங்கல் அது. தேய்ந்த கல் அப்படியா இருக்கும்? அவர் அனுமதியோடு ஒரு சொட்டு வினிகர் விட்டேன். நுரைத்தது. “பார்த்தியா, சுண்ணாம்புக் கல்!” என்றார். சிமென்டும் வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிச் சுண்ணாம்பாகிறது, அதுவும் நுரைக்கும் என்றேன். அப்படியென்றால் உன் வினிகர் எதைத்தான் நிரூபிக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நுரைக்காமல் இருந்திருந்தால் யார்க்‌ஷயர் மணற்கல்லாக இருக்கலாம் என்றாவது சொல்லியிருப்பேன். தூக்கிப் பார்க்கலாமென்றால், நிரப்பிய மண்ணோடு நாலு பேர் வேண்டும். காசால் சுரண்ட விடமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, போகும்போதும் வரும்போதும் அந்தத் தொட்டியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்புச் சொன்னது உறைபனி. பிப்ரவரியில் ஒரு மூலை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பளபளவென்று வெள்ளைப் பீங்கான்.

“என் அத்தை வீட்டு சிங்க். ஸ்டீல் சிங்க் வந்ததும் தூக்கிப் போட்டாங்க. என் மனைவிதான் பூசினா. யார் கேட்டாலும் கல்லுன்னு சொல்லச் சொன்னா” என்றார். வெட்கமெல்லாம் இல்லை. அவர் மனைவி போய்ப் பல வருடமாகிறது.

அதன்பிறகு, யார் முதலில் செய்தார்கள் என்ற கேள்வியே எனக்கு அலுத்துவிட்டது. இந்தப் பீங்கானின் கதை அதைவிட ருசியாக இருந்தது. பீங்கான் சிங்க் வந்ததும் கல் சிங்க் கொல்லைக்குப் போனது. கிரைண்டர் வந்ததும் நம் வீட்டு ஆட்டுக்கல் கொல்லையில் காக்காய்க்குத் தண்ணீர் வைக்கப் போனதைப் போல. கொல்லைக்குப் போன கல்லைத் தோட்டக்காரர்கள் பொறுக்கினார்கள். ஆளாளுக்குப் பொறுக்கியதில் விலை ஏறியது. அதற்குள் ஸ்டீல் வந்து பீங்கானைத் துரத்த, துரத்தப்பட்ட பீங்கானைக் கீறி, பசை தடவி, சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பீட் இரண்டு பங்கு சேர்த்து அப்பினார்கள். தான் விரட்டிய கல்லின் வேஷத்தையே பீங்கான் கட்டிக்கொண்டது.

சிமென்டில் பீட் எதற்கு? சதுப்பு நிலத்தில் மட்கிய பாசியை யாராவது கட்டுமானத்தில் போடுவார்களா? விடை டூஃபா என்ற அசல் கல்லில் இருக்கிறது. சுண்ணாம்பு கரைந்த ஊற்றுநீர் பாசியின் மேலும் இலைகளின் மேலும் படிந்து இறுகும். உள்ளே அகப்பட்ட செடி மட்கிப் போனதும் அந்த இடமெல்லாம் துளையாகும். மலைச்செடியின் வேர் ஆசையாய் நுழைவது அந்தத் துளைகளில்தான். சிமென்டில் பீட்டைக் கலப்பவர் ஊற்று செய்வதையே அவசரமாகச் செய்கிறார். இந்தக் கலவைக்கு வழங்கும் ஹைப்பர்டூஃபா என்ற பெயரை இதுவரை நான் கொஞ்சம் நக்கலாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

பெயர்ந்த மூலையை நான் பூசித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பீட் வேண்டாம் என்றேன்: சதுப்பில் அது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேர்கிறது, வெட்டி எடுத்தால் அடைந்து கிடந்த கார்பன் வெளியேறுகிறது. கடையில் தென்னைநார்க்கழிவுக் கட்டி வாங்கி வந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் கொட்டி வைத்திருந்த அதே சமாச்சாரம், இங்கே பிளாஸ்டிக் உறையில். தண்ணீரில் ஊறவிட்டால் பொங்கிப் பல மடங்காகும். பிழிந்து, அதே அளவில் கலந்தால் போதும். பூசியபின் ஈரச்சாக்கு போர்த்திச் சில வாரம் விட வேண்டும். பாசி பிடிக்க மோர் தெளிக்கலாம்.

பெரியவர் கட்டியை முகர்ந்து பார்த்தார். தேங்காயில் கல்லா என்றார். கொட்டகையைத் திறந்து, பழைய சாமான்களுக்குப் பின்னாலிருந்து பிரிக்காத பீட் மூட்டை ஒன்றை இழுத்து வெளியே போட்டார். அவள் கலவை மாறக்கூடாதாம்.

பேரம் இன்னும் படியவில்லை. மூலை திறந்தபடியே கிடக்கிறது.