பிறந்த வருஷத்தை மாற்றிப் போடாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாப்பா இன்ஸ்டாகிராம் கேட்டு அடம்பிடிக்கிறாள், மாப்பிள்ளை போனையே தொடக் கூடாது என்கிறார், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். 13 முடிந்துவிட்டதே, ஆரம்பித்துக் கொடு. மறுத்தால் தோழியின் போனில் வேறு பெயரில் ஆரம்பிப்பாள். நமக்குத் தெரியவும் வராது.

ஆரம்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள். பிறந்த வருஷத்தைச் சரியாகப் போடச் சொல். சில வீடுகளில் அம்மாக்களே மாற்றிப் போட்டுக் கொடுக்கிறார்கள், கொடுமை! 18 வயதுக்குக் குறைந்தவர்களின் டீன் அக்கவுன்ட் முதலிலிருந்தே பிரைவேட்டாக இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 16க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல் அதைத் தளர்த்தவும் முடியாது. வயதைக் கூட்டிப் போட்டால் அத்தனையும் போச்சு.

இந்தப் பாதுகாப்பை மட்டும் நம்பியும் இருந்துவிடாதே. எவனாவது அவள் வயதுப் பெண் போலப் பேசிப் பழகி ஒரு அந்தரங்கப் படத்தை வாங்கிக்கொள்வான். பிறகு, "உன் அம்மாவுக்கு அனுப்பவா?" என்பான். நம் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுகிறான், பார். நாம் அடிப்போம், போனைப் பிடுங்குவோம் என்று பயந்துதான் பிள்ளைகள் அடுத்த படத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். அதனால், என்ன நடந்திருந்தாலும் வந்து சொன்னால் திட்ட மாட்டேன், போனையும் பறிக்க மாட்டேன் என்று மாப்பிள்ளை தன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். நீ சொல்லிப் பயனில்லை. அவளுக்குப் பயமே அப்பாதான். நான் சொன்னேன் என்றே சொல்.

அப்படி ஏதும் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். அவன் ஐடியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ கூப்பிடு. ஸ்டேஷன் வாசல் மிதிக்க வேண்டுமே என்று தயங்காதே. போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். போலீஸ் யூனிபார்மில் வரக் கூடாது, கூடுமானவரை பெண் எஸ்.ஐ.தான் வர வேண்டும். பிள்ளையின் பெயரையும் வெளியே விடக் கூடாது. படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

கடைசியாக ஒன்று. பள்ளி பேட்ஜ் தெரிகிற மாதிரி அவள் படத்தை நீயே பேஸ்புக்கில் போட்டு வைத்திருக்கிறாய். முதலில் அதை எடு.

அன்புடன்,
அக்கா