வெட்டத் தயங்கிய கொடி

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு முந்திரிகைப் பந்தர் உண்டு. தமிழகத்து அன்பர்கள் இதனைத் திராட்சை என்பர். முந்திரி என்றால் அவர்கள் கருதுவது நமது மரமுந்திரிகையை. கோப்பாய்ச் செம்மண்ணில் என் தந்தையார் ஊன்றிய தடி அது. அக்காலத்தில் நான் மலைநாட்டுக் கல்லூரியொன்றிற் பணியாற்றினேன். அவர் கொடியைப் பேணிய விதத்தை அருகிருந்து கண்டதில்லை.

அவர் காலமான பின் மூன்றாண்டுகள் அக்கொடியிற் கத்தி படவில்லை. அப்பா வைத்ததை வெட்டுவதா என்ற தயக்கம் ஒன்று. அதன் நிழலிலேயே தாயார் பகற்பொழுதைக் கழிப்பது மற்றொன்று. கொடியோ பந்தரை மூடித் தழைத்தது. குலைகளை விரல்விட்டு எண்ணலாம்.

தாவரவியல் கற்பிப்பவன் நான். முற்றிய தண்டின் அரும்பிலிருந்து புறப்படும் புதுத்தளிரிலேயே முந்திரிகை பூக்கும் என்று மாணவர்க்குப் பன்முறை கூறியவன். சொந்த வளவில் அதனை நினைக்க மனம் இடந்தரவில்லை.

மழை ஓய்ந்த தை மாதத்தில், உரும்பிராயில் தோட்டஞ் செய்யும் முதியவர் ஒருவர் வந்தார். பந்தரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இப்படியே விட்டால் ஆட்டுக்குக் குழைதான் மிஞ்சும்."

தாயார் எழுந்து உள்ளே சென்றார். மனம் நொந்துவிட்டார் என்றே எண்ணினேன். திரும்பி வந்தபோது கையில் அப்பாவின் கத்தரிக்கோல் இருந்தது. சீலைத்துண்டிற் சுற்றி, எண்ணெய் பூசி வைத்திருந்தார். ஓரிடத்திலும் துரு இல்லை.

"அவர் வருஷா வருஷம் வெட்டினவர். நீ படித்தனீ, காரணத்தோடுதான் விடுகிறாயாக்கும் என்று இருந்தேன்" என்றார்.

மாலைக்குள் வெறுந்தடிகளே எஞ்சின. தளிர் வந்ததும் பனியிற் பங்கசு பிடியாதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்தோம். இதுவும் வேடிக்கையான மருந்து. பிரான்சில் வழிப்போக்கர் பழந்திருடாதிருக்கத் தெருவோரக் கொடிகளிற் பூசிய கலவை நோயையும் தடுத்ததைக் கவனித்து, மில்லார்டே என்ற அறிஞர் 1885 இல் உலகுக்கு அறிவித்தார்.

பந்தர் மீண்டும் மூடும்வரை தாயாரின் கதிரை வேம்பின்கீழ் இருந்தது. சித்திரையிற் குலைகள் கறுத்தன. ஆவல் மிகுதியால் நான் முதற்குலையை அறுத்தேன். அதனை அப்பாவின் படத்தின்முன் வைத்தபின், தாயார் ஒரு பழத்தை வாயிலிட்டார்.

"புளிக்குது. இது மாம்பழமே, வைக்கோலுக்குள் வைத்துப் பழுக்க?"

மெய்தான், கொடியை விட்டபின் முந்திரிகை இனிப்பேறாது. அதையும் வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். மீதிக் குலைகளை ஒருவாரம் கழித்துத் தாயாரே தொட்டுப் பார்த்து அறுத்தார்.