டாங்கி ஏற்றிய வண்டி

போர் மாடல் செய்பவர்களில் பலர் டாங்கியோடு நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் சேறு, ஓர் இடிந்த சுவர், அதன்மேல் ஏறி நிற்கும் டாங்கி. எனக்கு அதில் ருசி இல்லை. டாங்கி சண்டை போடுவது அதன் ஆயுளில் மிகக் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் அது வெறும் சரக்கு. ஐம்பது டன் சரக்கு. தன் காலாலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடினால் களத்துக்குப் போய்ச் சேரும் முன்பே தேய்ந்துபோகும். அதனால்தான் அதற்கு ரயில். நான் செய்வது அந்த ரயில் வண்டியை, மேலே டாங்கியைக் கட்டிய கோலத்தில்.

கோலார் தங்கவயல்காரனுக்கு இந்தக் கிறுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 1894இல் ரயில் போட்டதே சுரங்கத்துக்காகத்தான். தங்கம் எடுத்துப்போகத்தான் ரயில் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். 120 வருஷத்தில் இங்கே எடுத்த தங்கம் மொத்தம் சுமார் 800 டன். பதினாறு டாங்கியின் எடை! ஒரே ஒரு சரக்கு ரயிலில் அடங்கிவிடும். உள்ளே வந்த இயந்திரங்களின் கனம்தான் பெரிய கனம். 1964க்குப் பிறகு பெமல் வந்தது. புல்டோசர்களும் ராணுவ வண்டிகளும் செய்கிற ஊரானோம். கனமான பொருளை எப்படி நகர்த்துவது என்பது எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சு.

டாங்கி கிட் வாங்கலாம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1:76 அளவில் போட்டதைப் பெங்களூரில் வாங்கியிருக்கிறேன். இந்திய அகலப்பாதை வாகனுக்குத்தான் கிட் கிடைக்காமல் திண்டாடினேன். ஆகவே எல்லாம் கைவேலை. அடித்தட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை மூன்று அடுக்காக ஒட்டுவேன் (தங்கவயலில் கல்யாணங்களுக்குப் பஞ்சமில்லை, மாடியில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது). பக்கச் சட்டங்களுக்குப் பவுடர் டின் தகடு. பஃபருக்குக் குடைக்கம்பி. போகியின் ஸ்பிரிங்குக்கு மெல்லிய செம்புக்கம்பியை ஊசிமேல் சுற்றி எடுப்பேன். டாங்கியைக் கட்டும் சங்கிலி ராபர்ட்சன்பேட்டையில் வாங்கிய கவரிங் செயின். சக்கரத்தின் முன்னும் பின்னும் வைக்கும் முட்டுக்கட்டை தீக்குச்சி. ஆமாம், 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் திட்டுகிற அதே முட்டுக்கட்டைதான். இங்கே அது இல்லாவிட்டால் டாங்கி தண்டவாளத்துக்கு வந்துவிடும்.

தண்டவாளம் இன்னொரு தலைவலி. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 76ஆல் வகுத்தால் 22 மில்லிமீட்டர் வரும். கடையில் இந்த அளவுக்கென்று விற்கும் பொம்மை ரயில் பாதையோ 16.5. அதில் நம் வாகனை ஏற்றினால் பெரிய மனிதன் சின்னப் பையனின் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். பாதையையும் நானேதான் போடுகிறேன்.

இத்தனை கணக்கு எதற்கு என்றால், விஷயமே அகலத்தில்தான் இருக்கிறது. அகலப்பாதையில் ஓடும் வண்டிக்குப் பழைய விதிப்படி அனுமதிக்கப்பட்ட அகலம் 3.25 மீட்டர். அசல் உத்தரிலும் ஃபில்லோராவிலும் 1965 செப்டம்பரில் சண்டையிட்ட செஞ்சுரியன் டாங்கியின் அகலம் 3.39 மீட்டர். பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வெளியே நீட்டும். ரயில்வேக்காரர்கள் இதை ஓ.டி.சி. என்பார்கள்; அளவு மீறிய சரக்கு. அது வழிநெடுக ஒரு விருந்தாளி மாதிரி. முன்கூட்டியே அனுமதி, வேகக் கட்டுப்பாடு, நெருக்கமான இடங்களில் பக்கத்துப் பாதையில் இன்னொரு வண்டி வராமல் பார்த்துக்கொள்வது என்று உபசாரங்கள் வேண்டும். ஆவடியில் 1965 டிசம்பரில் வெளிவந்த விஜயந்தா 3.17 மீட்டர்தான், சமர்த்தாக அடங்கிவிடும். பின்னால் வந்த டி-72 3.59 மீட்டர். அர்ஜுன் அதற்கும் மேல்.

செஞ்சுரியனின் அந்த ஏழு சென்டிமீட்டர் என் மாடலில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அது சரியாக வரவில்லையென்றால் அந்த வண்டி பொய். பார்க்க வருபவர்கள் பெயின்டைப் பாராட்டுவார்கள், நம்பரைப் படிப்பார்கள். ஓரத்தில் குனிந்து அந்த நீட்டலைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர். அவர் பெரும்பாலும் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவராக இருப்பார்.

இன்னொன்று. கிட்டில் பீரங்கி முன்னால் பார்க்கும்படிதான் படம் போட்டிருப்பார்கள். வீரமாக இருக்க வேண்டுமே. பயணத்தில் செஞ்சுரியனின் தலையைப் பின்பக்கம் திருப்பி, குழலை என்ஜின் மேல் உள்ள தாங்கியில் படுக்கவைத்துப் பூட்டிவிடுவார்கள். தூங்குகிற டாங்கி. எனக்கு அந்தக் கோலம்தான் பிடிக்கும்.

இந்த அகலச் சண்டையில் உலகத்திலேயே அதிகம் அவதிப்பட்டவர்கள் ஜெர்மானியர்கள்தான். 1942இல் அவர்கள் இறக்கிய டைகர் டாங்கி ஐரோப்பிய ரயிலுக்கு அடங்காத அகலம். ஒவ்வொரு ரயில் பயணத்துக்கும் முன்னால் வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றி, 725 மில்லிமீட்டர் அகலமுள்ள சண்டைச் சங்கிலியை உருவிவிட்டு, 520 மில்லிமீட்டர் சங்கிலியை மாட்ட வேண்டும். இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். டன் கணக்கில் இரும்பு, பனியில், கையால். டைகரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் பீரங்கியைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தச் சங்கிலியை மாற்றியவனின் முதுகைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

என் அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஃபிட்டர். மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போன சுரங்கம் அது. கூண்டுக்குள் நுழையாத எந்த இயந்திரத்தையும் மேலே பிரித்து, துண்டுதுண்டாக இறக்கி, கீழே வெக்கையில் மறுபடி பூட்டுவதுதான் அவர் பிழைப்பு. "ஷாஃப்ட் இன்னா சைசோ அதான்டா சட்டம்" என்பார். டைகருக்கும் அதே சட்டம்தான்.

அவர் என் முதல் வாகனை மேசை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். தீக்குச்சிக் கட்டைகளை நகத்தால் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. இத யார்டா கட்டுனாங்க? ஆளையே காணோமே?"

மாடல் உலகத்தில் ஆள் இல்லாமல் செய்வதுதான் வழக்கம். ஆள் வைத்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்பார்கள். எனக்கு அது சரியான வாதமாகப் படவில்லை. டாங்கி தானாகவா வாகனில் ஏறுகிறது? கோடியில் உள்ள சரிவில் ஏற்றி, வரிசையாக ஒரு வாகனிலிருந்து அடுத்ததற்கு ஓட்டிப்போக வேண்டும். உள்ளே இருக்கும் டிரைவருக்கு ஓரம் தெரியாது. எதிரே ஒருவன் பின்னாலேயே நடந்துகொண்டு இரண்டு கையாலும் ஜாடை காட்டுவான். அவன் கை ஒரு சாண் தப்பினால் ஐம்பது டன் சாயும். கட்டியவன், ஜாடை காட்டியவன், சிக்னல் காட்டியவன், கார்டு. இப்போது என் வண்டிகளில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். செம்புக்கம்பியில் எலும்பு, எம்-சீலில் சதை, உயரம் இரண்டே கால் சென்டிமீட்டர்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவின் கூட்டாளிகளில் சிலர் மகன்களோடு பெங்களூர் போனார்கள். மற்றவர்கள் சயனைட் மேடுகளைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்கள். அதிகாலை ரயிலில் இன்றும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். திண்ணையில் இருந்தவர்களில் இரண்டு பேர் என் மேசைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவர் லேத் வேலைக்காரர். என் சக்கரங்களைப் பித்தளையில் கடைந்து தந்தது அவர்தான். காசு வாங்கவில்லை. "கை சும்மா இருந்தா நடுங்குது தம்பி" என்றார்.

இப்போது செய்துகொண்டிருப்பதில் டாங்கி கிடையாது. ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் காட்ரா ரோடு என்று ஒரு ஸ்டேஷன். 1965 செப்டம்பர் 9ஆம் தேதி, போர்முனைக்குப் போகும் அந்தப் பாதையையும் வண்டிகளையும் ஓடவைத்துக்கொண்டிருந்த 17 ரயில்வே ஊழியர்கள் விமானத் தாக்குதலில் இறந்தார்கள். சிப்பாய்கள் அல்ல, ரயில்வே ஆட்கள். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை; என் அளவில் 13 மில்லிமீட்டர். மணலுக்கு மாரிகுப்பம் பக்கத்து மண்ணையே சலித்துப் பயன்படுத்தியிருக்கிறேன். நிறம் கொஞ்சம் சிவப்பு, சுண்ணாம்புத்தூள் கலந்து சரிசெய்ய வேண்டும். மூடிய சாதாரண சரக்கு வாகன்கள் நாலு முடிந்துவிட்டன. பார்க்க வந்த பையன் ஒருவன், "டாங்கி இல்லையா அங்கிள்?" என்று கேட்டு ஏமாந்து போனான்.

பதினேழு உருவங்கள் வேண்டும். இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது.