கத்தரிப் பாத்தியும் உப்புப் பாத்தியும்

மாசி மாதம் பிறந்தால் போதும், டொரான்டோவில் இருக்கும் என் தங்கைக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்துவிடும். வாசலில் பனி குவிந்து கிடக்கும். அவளோ காகிதக் கோப்பைகளில் மண்ணை நிரப்பி, தக்காளி விதையும் மிளகாய் விதையும் ஊன்றி, சமையலறை ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவிட்டு எனக்கு டெலிபோன் செய்வாள். "அண்ணா, எட்டுக் கோப்பையில் முளை வந்துவிட்டது!" என்பாள், எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காது குத்தியவள் மாதிரி. அந்த நாற்றுகள் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க மே மாதக் கடைசி ஆகிவிடும். அங்கே விக்டோரியா தினம் என்று ஒரு விடுமுறை, மே 25-க்கு முந்தின திங்கட்கிழமையில் வருவது. அது கழிந்தால் ராத்திரி உறைபனி விழாது என்று ஒரு நம்பிக்கை. அதுவரை செடிகளும் அவளும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்குக் குன்னூரில் ஒரு சிநேகிதர் இருக்கிறார். அவருக்கும் அதே பருவத்தில்தான் வேகம் வரும். நீலகிரியில் கோடைப் போகத்து உருளைக்கிழங்கை மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஊன்றுகிறார்கள். 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலை மேல் வீடு கட்டிக்கொண்டு சீமைக் காய்கறிகளைப் பயிர் செய்ய ஆரம்பித்தார் அல்லவா, அதிலிருந்து அந்த மலைக்குக் காய்கறிப் பித்து விட்டபாடில்லை. "பீன்ஸ் விதை போட்டாயிற்று, காரட் போட்டாயிற்று, நீர் என்ன செய்கிறீர்?" என்று சிநேகிதர் கேட்பார். நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால் அதை ஒரு வேலையாகவே அவர் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ரோஷத்தை உண்டாக்கிவிட்டார்கள். 2024-ஆம் வருஷம் தை மாதத்தில் நான் மரக்காணத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். நாவலை முடிக்க ஒதுக்குப்புறமான இடம் வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். சென்னையில் என்னைப் பார்க்க வருகிறவர்களிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம்.

மரக்காணத்தைப் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டாரில் போகும்போது பார்த்திருப்பார்கள். புதுச்சேரிக்கு வடக்கே முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறு பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பளம். கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். ஆந்திரத்தில் காக்கிநாடாவில் தொடங்கிக் கடலுக்கு இணையாக வருகிற பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து முடிகிறது. பக்கத்தில் கழுவேலி ஏரி. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் குடிக்கிறாற்போல் ஒரு சொம்பு கிடைப்பதுதான் பிரயாசை.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் வெறும் மணல் தரை. வாடகைக்கு விட்டவர் ஆழ்துளைக் குழாயும் மோட்டாரும் போட்டு வைத்திருந்தார். கேட்க வேண்டுமா? மாசிக் கடைசியில் பீன்ஸ், காரட், கத்தரி என்று மூன்று விதைப் பொட்டலங்கள் வாங்கி வந்தேன். பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்த படம் ஒவ்வொன்றும் ரவிவர்மா தீட்டினாற்போல் இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் விதைக்கலாம் என்று கீழே போட்டிருந்தது. எந்த ஊர் மார்ச் என்று போட்டிருக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

காரட் முளைக்கவே இல்லை. பீன்ஸ் முளைத்து, இரண்டு இலை விட்டு, இலையின் ஓரம் தீய்ந்து, பத்தே நாளில் பரலோகம் போயிற்று. கத்தரி மட்டும் சாகாமலும் வளராமலும் நின்றது, என் நாவலின் ஏழாவது அத்தியாயம் மாதிரி. செடி வாடினால் யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: மோட்டாரைப் போட்டு இன்னும் தண்ணீர் விட்டேன். காலையில் விட்டேன், சாயங்காலமும் விட்டேன். மண் ஈரமாகவே இருந்தது. செடியோ தண்ணீர் கண்டு பல நாள் ஆனாற்போல் துவண்டது. பங்குனி பிறந்ததும் பாத்தியின் மேல் விபூதி தூவினாற்போல் ஒரு வெண்மை படர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆயா வந்து சேர்ந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற கிழவி. பொழுது விடிவதற்கு முன்னே உப்பு வாரப் போய்விட்டு, வெயில் ஏறியதும் என் வேலியோரமாக வீட்டுக்குத் திரும்புவாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உப்பிலும் வெயிலிலும் காய்ந்து அவள் உள்ளங்கால் மரக்கட்டை போல ஆகியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று என் தோட்டத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இது தோட்டம் இல்லீங்க. உப்புப் பாத்தி. இன்னும் பத்து நாளு இப்படியே தண்ணி வுட்டீங்கன்னா வாரிடலாம்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது பரிகாசமே அல்ல. கத்தரிக்கும் பாத்தி என்கிறோம், உப்புக்கும் பாத்தி என்கிறோம். நெல் விளைகிறது, உப்பும் விளைகிறது. நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. உப்பளத்தில் என்ன செய்கிறார்கள்? தையில் பாத்தியைச் செப்பனிட்டு, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரை விட்டுக் காயவிடுகிறார்கள். கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. போமே மானியில் அது மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். இருபத்தைந்தைத் தொட்டதும் உப்பு பூக்க ஆரம்பிக்கிறது. தண்ணீர் மேலே போகும், உப்பு கீழே தங்கும். வித்தை அவ்வளவுதான். நான் என் கத்தரிப் பாத்தியில் செய்ததும் அதே வித்தைதான். லேசாகக் கரிக்கும் தண்ணீரை நாள் தவறாமல் விட்டேன். பங்குனி வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை எனக்கு விட்டுவைத்தது. வேருக்கு வெளியே உப்பு மிஞ்சிவிட்டால், ஈரத்தில் நின்றாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் செடி தாகத்தால் செத்ததன் ரகசியம் அது.

"மோட்டாரை நிறுத்துங்க" என்றாள் ஆயா. அதற்கும் காரணம் இருக்கிறது. கடலோர மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, ரசத்தின் மேல் நெய் மிதக்கிறாற்போல. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இறங்கியிருக்கும் என்பது பூமி சாஸ்திரக்காரர்கள் கணக்கு. மேலே உள்ள ஓர் அடியை நாம் இறைத்துவிட்டால் கீழே நாற்பது அடிக்கு உப்பு ஏறிவிடும். மோட்டார் போட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சுகிறவன் நெய்யை விட்டுவிட்டு ரசத்தைத்தான் இழுக்கிறான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளுக்கும் இதே கணக்குத்தான் என்று அங்கிருந்து டொரான்டோவுக்குக் குடிபோன என் தங்கையின் மாமியார் சொல்லியிருக்கிறார்.

ஆயா தன் பேரனை விட்டுத் தோட்டத்து மூலையில் ஓர் ஊற்றுத் தோண்ட வைத்தாள். ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான ஆழம். குடத்தால் மொண்டு, கத்தரிக்கு மட்டும் கைப்பிடித்து ஊற்ற வேண்டும். ஊற்று வற்றினால் மறுபடி சுரக்கும் வரை காத்திருக்க வேண்டும். செடியைச் சுற்றிச் சவுக்குச் சருகையும் வைக்கோலையும் மூடச் சொன்னாள். வெயில் மண்ணைத் தொடாவிட்டால் உப்பு மேலே ஏறாது. வரப்பின் உச்சியில் நடாமல் சரிவில் நடச் சொன்னாள், உப்பு எப்போதும் உச்சியில் போய்த்தான் உட்காருமாம். ஊரில் நாலு பெரிய மனிதர்களை நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் கத்தரிக்கு முழு உயிர் வரவில்லை. "மழை பெய்ஞ்சு கழுவினாத்தான் ஐயா" என்று சொல்லிவிட்டாள். ஆகவே நான் மழைக்கு ஏங்க ஆரம்பித்தேன். நம் பெரியவர்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மரக்காணத்தில் தார் உருகும் ரோட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். தினமும் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்ப்பேன். வைகாசியில் ஒரு ராத்திரி கேட்டது கிடைத்தது. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தில் ஏழாவது அத்தியாயத்தைக்கூட எழுதி முடித்தேன்.

மறுநாள் காலையில் கத்தரிச் செடிகள் குளித்துத் தலை சீவிக்கொண்டு நின்றன. வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே ஆயா திரும்பி வந்தாள். கையில் உப்பு வாரும் பலகை அப்படியே இருந்தது.

"என்ன ஆயா, இன்றைக்குச் சீக்கிரம்?" என்றேன் உற்சாகமாக.

"எங்க ஐயா வாருறது? எல்லாம் கரைஞ்சு பூடிச்சு. தரை கொழகொழன்னு கெடக்குது. மறுபடி மிதிச்சுக் காயவெச்சு உப்பு எறங்க எத்தினி நாளு ஆவுமோ" என்றாள். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. சொல்லிவிட்டு வேலிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அட, உங்க கத்திரி நிமிந்துக்கிச்சே!"

அவள் பொறாமைப்பட்டிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். நான் உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தின ராத்திரி நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்த சத்தம் அவள் வீட்டு அரிசியைக் கரைத்த சத்தம்.

பெரிய மழை கார்த்திகையில் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததாகக் கணக்குச் சொன்னார்கள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். மார்கழியில் திரும்பி வந்து பார்த்தால், உப்பளம் எது, கழி எது என்று தெரியாமல் தண்ணீர் தேங்கி நின்றது. ஆயாவின் வீட்டில் புகுந்த வெள்ளம் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. மழைக்கால மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசாங்கம் 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அதைச் சொல்லி, "அது ஒண்ணு இருக்குதே" என்றாள். எத்தனை நாளைக்கு வரும் என்று நான் கேட்கவில்லை. என் தோட்டத்துக்கு வந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"நல்லாக் கழுவிக்கிச்சு. இப்பப் போடுங்க ஐயா. பங்குனிக்குள்ளாற காய் பறிச்சிடணும்."

இந்தச் சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் தர்ப்பூசணி போடுவதும் இதே கணக்கில்தான். மார்கழி, தையில் விதை ஊன்றி, கோடை முற்றுவதற்குள் காயை ரோட்டோரம் கொண்டுவந்து குவித்துவிடுகிறார்கள். டொரான்டோவில் உறைபனி போகக் காத்திருக்கிறார்கள். இங்கே உப்பு வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். தங்கையிடம் இதைச் சொன்னேன். "இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பனி உருகுவதற்காகக் குளிர்காலம் பூராவும் தெருவில் உப்பைக் கொட்டுகிறார்கள். நடைபாதையோரச் செடியெல்லாம் கருகிப் போகிறது" என்றாள். உப்பை விலை கொடுத்து வாங்கித் தெருவில் கொட்டுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று ஆயாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. கதை எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே அந்தத் தெருவில் இருந்தது.

தையில் கத்தரி நாற்று நட்டேன், சரிவில். காரட்டையும் பீன்ஸையும் குன்னூருக்கே விட்டுவிட்டு, உவர் மண்ணைத் தாங்கக்கூடிய கொத்தவரை போட்டேன். இடையில் தண்டுக்கீரை. மோட்டார் பக்கமே போகவில்லை. மாசியில் கீரை, பங்குனியில் கத்தரிக்காய். முதல் காயை ஆயாவுக்குக் கொடுத்தேன். மறுநாள் ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு வந்தது. நான் கருவாடு சாப்பிடுகிறவன் அல்ல என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை.

சித்திரையில் காய்ப்பு ஓயும் சமயம். ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை விளைந்து கிடந்தது. வாரினது போக வாராதது நிறைய. ஆயா வேலியோரம் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தாள்.

"உங்க போன்ல என்னா போட்டிருக்குது ஐயா? மழை வருமா?"

எடுத்துப் பார்த்தேன். "வராது என்றுதான் போட்டிருக்கிறது, ஆயா" என்றேன்.

அவள் போன பிறகு கத்தரிப் பாத்தியைப் பார்த்தேன். இலையெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குள் இறங்கினேன்.