சிக்னல் இருந்தது

பாறசாலையில் எனக்குப் பலசரக்குக் கடை. கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனாலும் தூத்தூர்ப் பக்கத்தில், நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் போட் ஒன்றில் எனக்கு நாலில் ஒரு பங்கு உண்டு. போட்டில் பாதிப் பேர் பொழியூர், மீதி நீரோடி. 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே எல்லை விழுந்தது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல் எல்லை பார்க்கவில்லை. சுறாவுக்கும் சூரைக்கும் வெகுதூரம் போயிருந்தவர்களைக் கூப்பிட வழியில்லை. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது.

அதற்குப் பிறகுதான் சாட்டிலைட் போன் வாங்கினோம். துரையா, இரிடியம் எல்லாம் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் நம் நாட்டில் குற்றம். வளைகுடாவிலிருந்து யாராவது பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட். செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேபினுக்குள் போன் எடுக்காது, வெட்டவெளியில் ஆன்டெனாவை நீட்டிப் பிடிக்கவேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை வெளியே வைத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

உயிருக்காக வாங்கியது. நான் அதை விலை சொல்லும் போனாக்கிவிட்டேன். கொச்சித் தோப்பும்படியில் சூரை என்ன போகிறது, அங்கேயே கரையேறுவதா பேப்பூருக்கு விடுவதா, ஐஸ் எத்தனை நாள் தாங்கும். போட்டை ஓட்டும் ஸ்ராங்கிடம் இரண்டே நிமிடம்.

ஒரு நாள் காலை பொழியூர்ப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். புருஷன் எங்கள் போட்டில்.

"மாமா போயிட்டாங்க அண்ணே. அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சிக்னல் கிடைக்கல மக்களே. கிடைச்சதும் சொல்றேன்."

போன் காசுக்காகச் சொன்ன பொய் இல்லை. சொன்னால் அவன் ஊருக்குப் போகணும் என்பான், ஸ்ராங்கு மறுக்கமாட்டான், போட் பாதி அறை மீனோடு திரும்பும். டீசலுக்கே கட்டாது. எப்படி வந்தாலும் அடக்கத்துக்கு எட்டமாட்டான் என்று சமாதானம் செய்துகொண்டேன். அது உண்மையும்கூட. அன்று சாயங்காலம் சூரை விலை ஏறியிருந்தது. அதைச் சொன்னேன். ஒன்பது நாள் அப்படியே போயிற்று.

போட் கரையேறியதும் தோப்பும்படியில் அவனிடம் நானே சொன்னேன். அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

"என்னைக்கு?"

சொன்னேன். "சிக்னல் கிடைக்கலப்பா."

கயிற்றைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் பேசினான். "தினமும் சாயங்காலம் போனைத் தூக்கிக்கிட்டு மேல ஏறி சிக்னல் பிடிச்சுக் குடுக்கிறது நான்தானே, அண்ணே."