நின்றால் கொதிக்கும் வண்டி

திருநள்ளாற்றில் சனிக்கிழமைகளில் வண்டி ஓட்டுவதைவிட வண்டியை நிறுத்தி நிறுத்தி நகர்த்துவதே பெரும்பாடு. நள தீர்த்தத்தில் நீராடிவிட்டுத் தர்ப்பாரண்யேசுவரர் கோயிலை நோக்கிச் செல்லும் கூட்டம் வீதிகளை நிறைத்துவிடும். 2023 டிசம்பர் 20-ஆம் நாளில் வந்த சனிப்பெயர்ச்சி போன்ற நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காரைக்காலிலிருந்து மேற்கே பேரளம் செல்லும் சாலையும் இவ்வூர் வழியாகவே போவதால், வழிப்போக்கர்களும் அந்நெரிசலில் பங்குபெற வேண்டியவர்களாகிறார்கள்.

காரைக்காலில் குடியிருக்கும் நாங்கள், மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை என் தாயாரைத் தஞ்சைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். எண்பது வயதைக் கடந்தவர்கள், இதயம் தளர்ந்தவர்கள். வெப்பம் அவர்களுக்கு ஆகவே ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தமையால், காரின் குளிர்சாதனம் எங்களுக்கு ஆடம்பரமன்று. மருந்துப் பெட்டியைப் போன்றதொரு தேவை.

சென்ற கோடையில் அந்தக் குளிர்சாதனமே வண்டிக்குப் பகையாயிற்று. பேரளம் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வெப்பமானியின் முள் நடுவில் அமைதியாக நிற்கும். திருநள்ளாற்று நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். குளிர்சாதனத்தை நிறுத்தினால் இறங்கும். நிறுத்தினால் அம்மாவின் முகம் வாடும், மூச்சு வாங்கும். ஒரு கண் முள்ளின்மீதும் மறுகண் அம்மாவின்மீதுமாக அச்சாலையைக் கடந்த அந்த நாள்கள் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. இத்தகைய வேளையில் சூடான காற்றைத் தரும் ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சினின் வெப்பம் குறையும் என்பது ஓட்டுநர்கள் அறிந்த உபாயமே. நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு அதைச் செய்வது எங்ஙனம்?

நாங்கள் காட்டிய பணிமனையில், எஞ்சின் தலைப்பகுதியின் கேஸ்கட் போயிருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும், நாற்பதாயிரம் ரூபாய்வரை ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவோம் என்றும் ஆலோசனை கூறினார்கள். (இந்த வால்வைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எஞ்சின் தக்க சூட்டை அடைந்த பின்னரே நீரை ரேடியேட்டருக்கு விடுவது அதன் வேலை. திறவாமல் பழுதுபட்டால் மாற்றவேண்டியதுதான். ஆனால் அப்படிப் பழுதுபட்ட வண்டி ஓடும்போதும் கொதிக்குமன்றோ?)

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். செய்தியைக் கேட்டதும் அவர், “தம்பி, ஓடினால் கொதிக்கிறதா, நின்றால் கொதிக்கிறதா?” என்றுதான் முதலில் வினவினார். நின்றால் மட்டும் என்றதும், “அப்படியானால் தண்ணீரைத் தேடாதே, காற்றைத் தேடு” என்றார்.

அவர் விளக்கியது இது. காரின் முகப்பில் முதலில் இருப்பது குளிர்சாதனத்தின் கண்டென்சர். அதன் பின்னால் ரேடியேட்டர். வண்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும், கம்பிரசரின் உழைப்பால் உண்டான வெப்பத்தையும் கண்டென்சர் வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடேறிய காற்றுத்தான் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. கம்பிரசரைச் சுழற்றும் சுமையும் எஞ்சினுக்கே. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று இதையெல்லாம் ஈடுசெய்துவிடும். நிற்கும் வண்டிக்கு விசிறியைத் தவிர வேறு துணையில்லை. அம்பாசிடர் காரில் விசிறி பெல்ட்டினால் எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் சுழன்றால் அதுவும் சுழன்றே தீரும். 1983-இல் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்கே அமைந்தமையால் விசிறிக்குத் தனி மின்மோட்டார் வைத்தார்கள். இன்றைய சிறு கார்கள் பெரும்பாலும் அவ்வாறே. எங்கள் காரில் இரண்டு விசிறிகள், அருகருகே.

மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். நீர் குறையவில்லை. சூட்டில் அம்மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கவில்லை. புகைக்குழாயில் வெண்புகையும் இல்லை. நீரில் குமிழிகளும் எழவில்லை. கேஸ்கட்டின்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்குச் சாட்சி இல்லை என்று சிரித்தார்.

பின்பு குளிர்சாதனமின்றி எஞ்சினை ஓடவிட்டோம். முள் சற்று ஏறியதும் ஒரு விசிறி சுழன்றது, முள் இறங்கிற்று. குளிர்சாதனத்தைப் போட்டோம். இரண்டு விசிறிகளும் சுழல வேண்டும். கண்டென்சர் பக்கத்து விசிறி அசையவில்லை. பியூஸ் நன்றாயிருந்தது. ஓடும் விசிறியின் ரிலேயை இதற்கு மாற்றிப் பார்த்தார், பயனில்லை. செருகியைக் கழற்றிச் சோதனை விளக்கை வைத்தார், விளக்கு எரிந்தது. மின்சாரம் வந்தும் சுழலாத மோட்டாரை ஒரு குச்சியால் தட்டியதும் அது சோம்பலாகச் சுற்றி நின்றது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. கடற்காற்றின் உப்பினால் செருகியின் முனைகளும் பச்சை பூத்திருந்தன.

நின்றிருக்கும்போது குளிர்ச்சியும் மட்டாக இருந்ததை அம்மா பலமுறை சொல்லியிருந்தார்கள். கண்டென்சர் ஆறாவிட்டால் குளிர்சாதனத்தின் அழுத்தம் ஏறும், குளிர்ச்சி குன்றும், கம்பிரசரின் சுமை கூடும். நோயைச் சரியாகச் சொன்னவர்கள் பின் இருக்கையில்தான் இருந்தார்கள்!

பெரியவர் அத்தோடு விடவில்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள விரற்கடை இடைவெளியில் கைவிளக்கை அடித்துக் காட்டினார். சம்பா அறுவடையின்போது சாலையில் காயவைத்த நெல்லின் பதரும் வைக்கோல் தூசும் அங்கே கம்பளம்போல் படிந்திருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ரேடியேட்டரைச் சற்றுச் சாய்த்துப் பின்னிருந்து முன்னாக மெல்லிய நீர்த்தாரையால் கழுவினோம். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

மோட்டாருக்கும் செருகிக்கும் ஆன செலவு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. பெரியவர் கூலியாக ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை திருநள்ளாற்று வீதியில் அரைமணி நேரம் நின்றோம். முள் நடுவைத் தாண்டவில்லை. அம்மா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, குளிரைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள்.

இப்போது தை அறுவடை முடிந்ததும் அந்த இடைவெளியைக் கழுவிவிடுகிறோம். சென்ற முறை ஒரு கைப்பிடிப் பதர் வந்தது.