மேகத்துக்கு உறை மோர்!

அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் கார் நம்பர் ப்ளேட்டிலேயே உருளைக்கிழங்குக்கு விளம்பரம்! அப்படி ஒரு காரில், பிப்ரவரிக் குளிரில், பாய்ஸி நகரிலிருந்து மெக்கால் என்ற மலையூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். சுமார் 170 கிலோமீட்டர். வழித்துணைக்குப் பேயெட் நதி. நான் மூன்று ஸ்வெட்டர், ஒரு மங்க்கி குல்லாய். காரை ஓட்டிய காலேஜ் நண்பன் அரைக்கைச் சட்டையில் இருந்தான்.

"மேலே பார்றா... அத்தனையும் ஃபிக்ஸட் டெபாஸிட்!"

மலை முழுக்கப் பனி. வெயில் வந்ததும் உருகி, நதி வழியாக இறங்கி, அணைகளில் கரண்ட் ஆகி, கிழங்கு வயலுக்கும் போகும். டெபாஸிட் குறைந்தால் வம்பு. அதனால்தான் இடாஹோ பவர் என்கிற மின்சாரக் கம்பெனி 2003-லிருந்து இந்த மலைகளில் மேகத்தை 'விதைக்க' ஆரம்பித்தது.

விஷயம் நம் வீட்டுச் சமையலறை சமாசாரம்தான். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் மேகத் துளி உடனே உறைந்துவிடாது. மைனஸ் பத்திலும் 'நான் தண்ணிதான்' என்று அடம்பிடிக்கும், உறை ஊற்றாத பால் மாதிரி! சில்வர் அயோடைடுதான் அதற்கு உறை மோர். அதன் படிக அமைப்பு கிட்டத்தட்ட ஐஸ் போலவே இருப்பதால், ஏமாந்து போய் உறைய ஆரம்பிக்கும். பிறகு பருத்து, கனத்து, பனியாக விழும். 1946-ல் இதைக் கண்டுபிடித்த பெர்னார்ட் வானகட், நாவலாசிரியர் கர்ட் வானகட்டின் அண்ணன். (கதை விடுவது தம்பி டிபார்ட்மென்ட்!)

"சும்மா விட்டிருந்தாலும் பெய்திருக்காதா?" என்றேன்.

எழுபது வருஷமாக விஞ்ஞானிகளைக் குடைந்த கேள்வியாம் அது. 2017 ஜனவரியில், இதே மலைகள் மேல், காற்றுக்குக் குறுக்கே போயும் வந்தும் ஒரு விமானம் மருந்தைத் தூவியது. கொஞ்ச நேரத்தில் ரேடாரில் பனி அப்படியே கோலம் போட்ட மாதிரி வளைந்து வளைந்து கோடாகத் தெரிந்தது. இயற்கை அப்படிக் கோணல் கோடு போடாது! மூன்று நாள் தூவலில் விழுந்த பனியைத் தண்ணீராகக் கணக்குப் போட்டால் சுமார் 7 லட்சம் கன மீட்டர். நம்ம ஊர் 12,000 லிட்டர் லாரி என்றால் 58,000 லாரி!

வாயைப் பிளந்தேன். நண்பன் மூடினான்.

"அதைப் பரப்பிப் பார்த்தா 0.05-லேர்ந்து 0.3 மில்லிமீட்டர் தண்ணிதான். துணியில தெளிச்சு இஸ்திரி போடலாம்."

"சரி, மேகமே வராத வருஷத்துல?"

"பால் இல்லாம உறை மோரை மட்டும் வச்சுக்கிட்டு என்னடா பண்றது? பஞ்சம் வர்ற வருஷம்தான் இது ரொம்பத் தேவை. அந்த வருஷம்தான் இது சுத்தமா உதவாது."

அதற்கப்புறம் கொஞ்ச தூரம் அவன் பேசவில்லை. போன வருஷம்தான் கடன் வாங்கித் தோட்டத்தோடு வீடு வாங்கியிருக்கிறான்.

மெக்கால் நெருங்கும்போது நிஜப் பனி கொட்ட ஆரம்பித்தது. ஓரம் கட்டிய கார் கிளம்ப மறுத்தது. சக்கரம் பாதி புதைந்திருந்தது. டிக்கியிலிருந்து ஒரு மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"வா, கொஞ்சம் வித்ட்ரா பண்ணலாம்."